ஓ.பி. சீட்டும் ஒரு நாள் கூலியும்

நாற்பது வருடத்துக்கு முன்பு அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறவர் கையில் ஒரு காலி பாட்டில் இருக்கும். மிக்ஸர் வாங்குவதற்கு. பெரிய ஜாடியிலிருந்து கம்பவுண்டர் ரோஸ் நிறத் தண்ணீர் மருந்தை ஊற்றித் தருவார். ஒரு வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, ஓரத்தைப் பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டையைப் பாட்டிலின் மேல் ஒட்டித் தருகிறவர்களும் உண்டு. பாட்டிலை மறந்து வந்தவர்களுக்கென்றே வாசல் பெட்டிக்கடையில் பழைய பாட்டில்களைக் கழுவி வைத்திருப்பார்கள். உள்ளே ஊசி அறையில் கண்ணாடி சிரிஞ்சுகள் ஒரு பாத்திரத்தில் கொதித்துக்கொண்டிருக்கும். ஒரே ஊசி, வரிசையில் நிற்கிற பல பேருக்கு. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவியும் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலாகக் கண்டுபிடித்த பிறகுதான் அந்தப் பாத்திரத்தைச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினோம். ஒரு தடவை போட்டுத் தூக்கி எறிகிற சிரிஞ்சு எல்லா ஊருக்கும் வந்து சேர அதற்கப்புறமும் சில வருடங்கள் ஆயின.

அன்றைய வரிசைக்கு எண் கிடையாது, நாற்காலி கிடையாது. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என இரண்டு வரிசை. விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்தவர்கள் செருப்பையும் மஞ்சப்பையையும் வரிசையில் வைத்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்பது வார்டு பாய்க்கு மட்டும் தெரிந்த ரகசியம். அறை வாசலில் நின்று யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிப்பவரும் அவர்தான். அன்றைக்கு அவர்தான் கலெக்டர். பன்னிரண்டு மணி அடித்தால் ஓ.பி. முடிந்தது. வரிசையில் எஞ்சியவர்களுக்கு "நாளைக்கு வாங்க." கொஞ்சம் வசதியாகத் தெரிகிறவர்களுக்கு மட்டும் மெல்லிய குரலில் இன்னொரு பதில் வரும்: "சாயங்காலம் ஐயா வீட்டுல பார்ப்பாரு." அரசு டாக்டர்கள் பணி நேரம் போக வெளியே பிராக்டிஸ் செய்யலாம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. காலையில் நீண்ட வரிசை சாயங்காலக் கிளினிக்கை வளர்த்தது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

வார்டில் கட்டிலுக்கு ஒருவர் என்பது அதிர்ஷ்டம். கட்டிலுக்கு அடியிலும் இரண்டு கட்டிலுக்கு நடுவிலும் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். மருந்து இருக்கும், இருக்காது. "வெளியில வாங்கிட்டு வாங்க" என்று துண்டுச் சீட்டு எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டுக்காகத் தோடு அடகுக்குப் போன வீடுகள் ஊருக்கு ஊர் உண்டு. ரத்தம் வேண்டுமென்றால் சொந்தக்காரர் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வாசலில் ரத்தம் விற்கிறவர்களைத் தேட வேண்டும். உச்ச நீதிமன்றம் தலையிட்டு 1998 ஜனவரியிலிருந்து அந்த வியாபாரத்துக்குத் தடை வந்தது.

இதையெல்லாம் சொல்லும்போது, "ஆனா அந்தக் காலத்து டாக்டர் தொட்டுப் பார்ப்பாருங்க" என்று ஒருவர் குறுக்கிடாமல் இருக்க மாட்டார். உண்மைதான். ஸ்கேன் இல்லாத காலம். வயிற்றை அமுக்கி, முதுகில் தட்டி, நாக்கை நீட்டச் சொல்லி, கண் இமையை இழுத்துப் பார்த்துத்தான் நோயைக் கண்டுபிடித்தாக வேண்டும். அந்தக் கைராசிக் கதைகளை நானும் ரசித்துக் கேட்பேன். கேட்டு முடித்ததும் ஒரு எண்ணை நினைத்துக்கொள்வேன். 1971-ல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020-ல் அது 13. பழைய ஆஸ்பத்திரியை நினைத்து ஏங்குகிறவர்கள் அந்த நூறு குழந்தைகளையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு ஏங்கட்டும்.

மாற்றம் எங்கே தொடங்கியது என்று கேட்டால், ஏதோ ஒரு பெரிய கட்டடத்தையோ இயந்திரத்தையோ காட்ட மாட்டேன். மருந்துக் கிடங்கைக் காட்டுவேன். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பதிவானது. 1995 ஜனவரியில் வேலையைத் தொடங்கியது. செய்தது எளிமையான காரியம். மாநிலம் முழுவதற்கும் சேர்த்து மொத்தமாகக் கொள்முதல், மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு, வந்த மருந்தைச் சோதனைச்சாலைக்கு அனுப்பித் தேறினால்தான் வெளியே விடுவது, ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் வங்கிக் கணக்குப் போல ஒரு பாஸ்புக். ஆஸ்பத்திரி தனக்கு எது வேண்டுமோ அதைப் பாஸ்புக்கில் கழித்து எடுத்துக்கொள்ளலாம். யாருக்கும் வேண்டாத மருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்குவதும், வேண்டிய மருந்து வராமல் போவதும் வெகுவாகக் குறைந்தன. பின்னால் கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தங்களுக்கென்று கழகங்களை அமைத்துக்கொண்டன. துண்டுச் சீட்டும் தோட்டு அடகும் இன்றைக்கு அபூர்வமாகியிருக்கின்றன என்றால், பெயர் வெளியே தெரியாத அந்தக் கிடங்குக் கணக்குப்பிள்ளைகளுக்குத்தான் முதல் கும்பிடு.

அதற்குப் பிறகு நடந்தவை பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்ஸுகளை ஷிப்ட் போட்டு ராத்திரியும் பிரசவம் பார்க்க ஏற்பாடு. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012-ல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம். இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. 2001-03-ல் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள்; 2018-20-ல் 54. வீட்டில் பிரசவம் என்பது செய்தித்தாளில் வருகிற அளவுக்கு அரிதாகிவிட்டது. 2018-ல் ஸ்டான்லி மருத்துவமனையில், கைகளை இழந்த ஒருவருக்கு மூளைச்சாவு அடைந்தவரின் இரண்டு கைகளையும் பொருத்தினார்கள். இலவசமாக. வெளிநாட்டில் இதற்கு ஆகும் செலவைச் சொன்னால் நமக்கு நெஞ்சு வலி வந்துவிடும்.

எல்லாவற்றையும் விடச் சிறப்பாக மாறியது அவசர சிகிச்சைதான். முன்பு ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவரைத் தொடவே பயம். "போலீஸ் கேஸு, நமக்கெதுக்கு" என்று ஜனங்களும் ஒதுங்குவார்கள், தனியார் டாக்டரும் ஒதுங்குவார். முதலில் உயிர், சட்டம் அப்புறம் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. அது நடைமுறையாவதற்குத்தான் ஒரு தலைமுறை ஆயிற்று. இப்போது அரசு விபத்துச் சிகிச்சைப் பிரிவுகளில் வந்தவரின் நிலையைப் பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். சிவப்பு என்றால் உடனே. சீட்டு எங்கே, ஆதார் எங்கே என்று முதலில் கேட்பதில்லை. 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை, அவர் எந்த மாநிலத்துக்காரரானாலும், அரசே ஏற்கிறது.

ஆக, ஆம்புலன்ஸில் வந்தால் சில நிமிடங்களில் கவனிக்கிறார்கள். சொந்தக் காலில் நடந்து வந்தால்தான் கஷ்டம்.

நடந்து வருகிறவரின் ஒரு காலை நேரத்தைப் பார்ப்போம். சர்க்கரை, ரத்த அழுத்தம், அதோடு இரண்டு மாதமாக மூட்டு வலி என்று வருகிற ஐம்பது வயதுப் பெண். ஓ.பி. காலை ஏழரைக்கு. ஏழு மணிக்கே வந்து கணினிச் சீட்டுக்கு ஒரு வரிசை. செல்போனில் கியூ.ஆர். ஸ்கேன் செய்தால் சீக்கிரம் என்று போர்டு இருக்கிறது. அவரிடம் இருப்பது பட்டன் போன். சீட்டு வாங்கி பிரஷர் பார்க்கிற மேஜைக்கு ஒரு வரிசை. அப்புறம் டாக்டர் அறை. சர்க்கரை நோய்க்கு ஓர் அறை, எலும்பு மூட்டுக்கு வேறு கட்டடத்தில் வேறோர் அறை. அங்கே "எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க." எக்ஸ்ரேக்கு வரிசை. ரத்தம் கொடுக்க வரிசை, ரிப்போர்ட் நாளைக்கு. எக்ஸ்ரேயைக் காட்டத் திரும்பி வந்தால் டாக்டர் ரவுண்ட்ஸ் போய்விட்டார். கடைசியாக மாத்திரைச் சாளரத்தில் ஒரு வரிசை. அன்றைக்கு ஒருவருக்கு ஒரு வரிசை இருந்தது. இன்றைக்கு அதையே ஏழாக அறுத்து ஏழு இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் நடுவே டாக்டரின் எதிரில் உட்கார்ந்திருக்கும் நேரம் எவ்வளவு? உலகில் 67 நாடுகளில் எடுத்த கணக்குகளைத் தொகுத்து 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. டாக்டர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் சராசரி நேரம் ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல், வங்கதேசத்தில் 48 நொடி. இந்தியா இரண்டு நிமிடத்தை ஒட்டி நிற்கிறது. இரண்டு நிமிடத்தில் மூட்டு வலியைச் சொல்லலாம். மூட்டு வலிக்குக் காரணமான வேலையையோ, மாத்திரை சாப்பிட்டால் தலை சுற்றுகிறது என்று அதை விட்டுவிட்டதையோ சொல்ல முடியாது. டாக்டரைக் குறை சொல்லியும் பயனில்லை. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை போன்ற இடத்துக்கு நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேர் புறநோயாளிகளாக வருகிறார்கள். அவர்களில் ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் என்றால் டாக்டர்களுக்கு எங்கே போவது?

சில மாதங்களுக்கு முன் அத்தையைக் கூட்டிக்கொண்டு ஒரு மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். எந்த ஊரிலும் இதுதான். எலும்புப் பிரிவு வாசலில் பெஞ்சு நிறைந்து, தரையிலும் ஆட்கள். பக்கத்தில் இருந்த பெண் களையெடுப்பு வேலைக்குப் போகிறவர். கையில் எக்ஸ்ரே கவர்.

"எத்தனை மணிக்குக்கா வந்தீங்க?"

"மொத பஸ்ஸு தம்பி. நேத்தும் வந்தேன். நேத்து டாக்டர் ஆபரேசனுக்குப் போயிட்டாராம். இன்னிக்கு எதுக்கு உக்கார வச்சிருக்காகன்னு தெரியல."

"நர்ஸ்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா கூப்புடுவோம், உக்காருங்கங்குது அந்தப் புள்ள. அதுவும் பாவம், ஒத்தையா நிக்கிது."

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. வயலில் கூலி ஐம்பது ரூபாய் குறைந்தால் சண்டை போடக்கூடியவர், இங்கே இரண்டு நாள் கூலி போனதை மழை வெயில் மாதிரி ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-க்கு அறிவித்த கூலியே 336 ரூபாய். இரண்டு நாளைக்கு 672. கூட வந்த மகளும் வேலைக்குப் போகாதவளாக இருக்க மாட்டாள். பஸ்ஸுக்குப் பெண்களுக்குக் காசில்லை என்றாலும் டீ, வடை, மத்தியானச் சாப்பாடு இருக்கிறது. பைசா வாங்காமல் பார்க்கிற வைத்தியத்துக்கு ஒரு குடும்பம் இப்படி ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. எந்த அரசாங்கக் குறிப்பேட்டிலும் இந்த ஆயிரத்துக்குப் பத்தி கிடையாது.

என் கட்சி இதுதான்: வைத்தியம் இலவசமானபோது நோயாளியின் நேரத்தையும் இலவசம் என்று எடுத்துக்கொண்டுவிட்டோம். மருந்துக்குப் பாஸ்புக் போட்ட அரசு, காத்திருப்புக்குப் பாஸ்புக் போடவில்லை.

இந்த மனோபாவத்துக்கு வேர் பழையது. சென்னை ஸ்டான்லியை வடசென்னைப் பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்கிறார்கள். 1782 வாக்கில் பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. கஞ்சிக்கு நிற்பவர் நேரமாகிறது என்று கேட்க முடியுமா? சட்டமும் இதற்குத் தோதாக அமைந்தது. 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. தனியார் ஆஸ்பத்திரிகள் நடுங்கின. ஆனால் எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி அந்தச் சட்டத்தில் வராது. பதிவுக்கென்று சிறு தொகை வாங்கினாலும் வராது என்று அதே தீர்ப்பு சொல்லிவிட்டது. காசு கொடுத்தவர் நுகர்வோர். கொடுக்காதவர் யார் என்பதற்குப் பதில் இல்லை. அடுத்த வருடமே இன்னொரு வழக்கு. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட மேற்கு வங்கத் தொழிலாளி ஒருவரைப் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்று மாற்றி ஒன்று திருப்பி அனுப்பின. உரிய நேரத்தில் சிகிச்சை தராதது வாழும் உரிமையையே மீறுவது என்று 1996-ல் தீர்ப்பு வந்தது. 25,000 ரூபாய் இழப்பீடும் கிடைத்தது. அவசர சிகிச்சைக்கு அந்தத் தீர்ப்பு துணை நின்றது. எலும்புப் பிரிவு வாசலில் உட்கார்ந்திருக்கும் களையெடுக்கிற அக்காவுக்குத் துணை நிற்க ஒன்றுமில்லை.

காப்பீடு வந்த பிறகு புது வகைக் காத்திருப்பு ஒன்று முளைத்திருக்கிறது. படுக்கை இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், "அப்ரூவல் வரணும்." வருமானச் சான்று, ரேஷன் கார்டு, புகைப்படம், ஸ்கேன் படம் எல்லாம் கணினியில் ஏற வேண்டும். யாரோ எங்கோ அதைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். முன்பு வார்டு பாயின் முகத்தையாவது பார்க்க முடிந்தது. கெஞ்ச முடிந்தது, திட்ட முடிந்தது. இப்போது திரையில் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்து எப்படிக் கெஞ்சுவது? எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குத் 'தேதி' தருவதும் இதில் சேர்த்தி. இயந்திரம் வந்துவிட்டது என்று திறப்பு விழாவில் கைதட்டுகிறோம். அதை எத்தனை மணி நேரம் ஓட்டுகிறார்கள், ஓட்ட எத்தனை டெக்னீஷியன்கள் இருக்கிறார்கள் என்று அப்புறம் கேட்பதில்லை.

"அதுக்குத்தான் பிரைவேட்டுக்குப் போறோம்" என்பவர்களுக்கும் நிம்மதி இல்லை. 1983-ல் சென்னை கிரீம்ஸ் சாலையில் அப்போலோ திறந்தபோது ஆஸ்பத்திரி என்றால் ஹோட்டல் போல இருக்கலாம் என்பதைத் தமிழ்நாடு முதல் தடவையாகப் பார்த்தது. அந்த மோஸ்தர் இன்று தாலுகா ஊர் வரை வந்துவிட்டது. ஏ.சி., சோபா, டோக்கன் எண் ஓடும் டிவி. காலை பத்தரைக்கு அப்பாயின்ட்மென்ட். டாக்டர் பார்ப்பது ஒன்றே காலுக்கு. "சார் தியேட்டர்ல இருக்காங்க" என்று ரிசப்ஷனில் இருக்கும் பெண் சிரித்த முகமாகச் சொல்லும், அவ்வளவுதான் வித்தியாசம். டிஸ்சார்ஜ் அன்று இன்னும் மோசம். காலை ரவுண்ட்ஸில் "இன்னிக்கு வீட்டுக்குப் போகலாம்" என்பார்கள். பில் தயாராகி, காப்பீட்டு நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து கேள்வி வந்து, பதில் போய், ஒப்புதல் வரும்போது விளக்கு வைக்கிற நேரம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் ஓர் உத்தரவு போட்டது. ரொக்கமில்லாச் சிகிச்சைக்கு ஒரு மணி நேரத்தில் அனுமதி தர வேண்டும். டிஸ்சார்ஜ் கோரிக்கைக்கு மூன்று மணி நேரத்தில் இறுதி ஒப்புதல் தர வேண்டும். தாமதத்தால் கூடுதல் செலவானால் காப்பீட்டு நிறுவனம்தான் ஏற்க வேண்டும். பாலிசி வைத்திருப்பவர்கள் இதை எழுதி வைத்துக்கொண்டு கேட்கலாம். கவனியுங்கள், இங்கே நேரத்துக்கு விலை வைத்துவிட்டார்கள். பிரீமியம் கட்டுகிறவரின் நேரத்துக்கு மட்டும்.

கவனிப்பின் தரம் என்று வந்தால் அரசு, தனியார் என்று கோடு போட்டுப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே ஆஸ்பத்திரியில் மாடிக்கு மாடி மாறுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ராத்திரி முழுக்கக் கண் மூடாமல் ஒரு பச்சைக் குழந்தையைக் காப்பாற்றிய ஹவுஸ் சர்ஜனும் அங்கேதான் இருக்கிறார். ஸ்ட்ரெச்சரைத் தள்ள "டீ செலவுக்கு" என்று கை நீட்டுகிறவரும் அங்கேதான். பிரசவ வார்டு வாசலில் ஆண் குழந்தைக்கு ஒரு ரேட், பெண் குழந்தைக்கு ஒரு ரேட் என்பது என் பாட்டி காலத்துப் புகார். இன்றும் தீரவில்லை, தொகை மட்டும் விலைவாசியோடு ஏறியிருக்கிறது. லஞ்சம் கொடுக்காதீர்கள் என்ற போர்டுக்குக் கீழேயே கை மாறுகிறது. கழிப்பறையைப் பற்றி எழுதப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மறுபக்கமும் இருக்கிறது. துப்புரவு வேலை ஒப்பந்தக்காரர் கைக்குப் போய்விட்டது. கை நீட்டுகிறவரின் சம்பளம் என்ன என்று விசாரித்தால் கோபம் பாதி இறங்கிவிடும். 2015-ல் நர்ஸுகளை 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். பிறகு ஊதியம் ஏறியது. ஆனாலும் நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்த போராட்டங்களைப் பார்த்திருக்கிறோம். ஒரு நர்ஸ் இத்தனை படுக்கைதான் பார்க்க வேண்டும் என்ற விதி காகிதத்தில் இருக்க, இரவு ஷிப்டில் அந்தப் பெண் ஒரு வார்டையே பார்க்கிறார். 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் டாக்டர் ஒருவரை, நோயாளியின் மகன் ஓ.பி. அறைக்குள் புகுந்து கத்தியால் குத்தினார். அதற்கு ஒரு நியாயமும் கிடையாது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008 முதலே தனிச் சட்டம் இருக்கிறது. சட்டம் தண்டிக்கும், அது வேண்டியதுதான். ஆனால் அன்றாடம் வார்டு வாசல்களில் நடக்கும் சின்னச் சின்னத் தள்ளுமுள்ளுகளுக்கு எரிபொருள் எது என்று பார்த்தால், சிகிச்சையின் குறை கொஞ்சம், சொல்லாமல் விட்டது நிறைய. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே நிற்பவருக்கு யாரும் வந்து சொல்வதில்லை. அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்வதில்லை.

சரிசெய்ய முடியாத காரியமா? மதுரையிலேயே ஒரு பதில் இருக்கிறது. 1976-ல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி பதினொரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே அறுவை அரங்கில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒருவருக்குக் கண்புரை எடுத்து முடிக்கும்போது அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். காசு கொடுப்பவரும் கொடுக்காதவரும் வருகிறார்கள். அவர்கள் கணக்கு வைத்துக்கொள்ளும் விஷயங்களில் ஒன்று, வந்தவர் எத்தனை நேரம் காத்திருந்தார் என்பது. கண் ஆஸ்பத்திரியை ஜி.ஹெச்.சோடு ஒப்பிடக் கூடாது என்பார்கள். சரிதான், விபத்தும் விஷமும் அங்கே வருவதில்லை. ஆனால் கடிகாரம் பார்ப்பதற்குக் கண், காது வித்தியாசம் எதற்கு?

அரசாங்கமே இன்னொரு வழியைக் காட்டியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. மாதா மாதம் மாத்திரைக்காக மட்டும் வரிசையில் நின்ற முதியவர்கள் பலருக்கு ஒரு நாள் மிச்சம். குறைகள் உண்டு, சில தெருக்களுக்கு ஆள் வருவதில்லை, வந்தாலும் ஒரு மாத்திரை இருந்தால் ஒன்று இருப்பதில்லை. ஆனாலும் நோயாளியின் காலையும் நாளையும் மதித்து யோசித்த முதல் பெரிய திட்டம் என்று இதைத்தான் சொல்வேன். பக்கத்திலேயே நேர்மாறானதையும் செய்தார்கள். ஊர் நடுவில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த ஜி.ஹெச்., மருத்துவக் கல்லூரியாக உயர்ந்ததும் பல ஊர்களில் ஊருக்கு வெளியே போய்விட்டது. விழுப்புரத்துக்கு முண்டியம்பாக்கம், புதுக்கோட்டைக்கு முள்ளூர். கட்டடம் பெரிது, வசதி பெரிது. ஒரு பஸ் மாறி இறங்க வேண்டியிருக்கிறது.

மாதந்தோறும் எத்தனை பிரசவம், எத்தனை ஆபரேஷன், எத்தனை பேர் ஓ.பி. என்று ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் கணக்கு அனுப்புகிறது. அதில் ஒரு பத்தியைக் கூட்டச் சொல்லிச் சுகாதாரத் துறையைக் கேட்கலாம். கணினியில் ஓ.பி. சீட்டுப் போடும்போது நேரம் பதிவாகிறது. மாத்திரை கொடுக்கும் சாளரத்திலும் ஒரு நேரத்தைப் பதியுங்கள். இரண்டுக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் என்று மாவட்ட வாரியாக மாதம் ஒரு முறை வெளியிடுங்கள். புதுக் கட்டடம் வேண்டாம், புது இயந்திரம் வேண்டாம். எலும்பு டாக்டர் இன்று ஆபரேஷனில் இருக்கிறார், ஓ.பி. பார்க்க மாட்டார் என்றால் அதைக் காலை ஏழரைக்கே வாசல் பலகையில் எழுதிப் போடுங்கள். களையெடுக்கப் போக வேண்டியவர் அப்போதே வேலைக்குத் திரும்பிவிடுவார்.